வீட்டிலேயே செய்து வைக்கும் பேக்கிங் மிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேக்கிங் மிக்ஸ் செய்து வைத்திருப்பவர்களும், செய்யலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். 1 கப் என்பது 240 மி.லி., 1 டேபிள்ஸ்பூன் 15 மி.லி., 1 டீஸ்பூன் 5 மி.லி. எல்லாமே தலை தட்டிய அளவு.

பேக்கிங் மிக்ஸ்னா என்ன? கேக் மிக்ஸும் இதுவும் ஒண்ணுதானா?

ஒன்றல்ல. கேக் மிக்ஸில் சர்க்கரையும் எசென்ஸும் முன்கூட்டியே சேர்ந்துவிடும். அதிலிருந்து அந்தக் கேக் மட்டும்தான் வரும். பேக்கிங் மிக்ஸ் அதற்கு முந்தைய படி. மாவு, பேக்கிங் பவுடர், உப்பு, பால் பவுடர், கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான். அதனால்தான் ஒரே டப்பாவிலிருந்து பேன்கேக், ஸ்கோன் (இனிப்பு குறைந்த சிறு பன்), மஃபின், சாதாரண கேக் என்று எதை வேண்டுமானாலும் செய்ய முடிகிறது.

கடையில் விற்கும் இந்த வகைக்கு முன்னோடி அமெரிக்காவின் பிஸ்குவிக். 1930-ல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி கார்ல் ஸ்மித் ரயிலில் போகும்போது நேரங்கெட்ட நேரத்தில் சாப்பாடு கேட்டார். சில நிமிடங்களில் சுடச்சுட பிஸ்கட் (அமெரிக்காவில் இது மென்மையான சிறு பன்) வந்தது. மாவு, பன்றிக் கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் முன்பே கலந்து ஐஸில் வைத்திருந்தார் அந்த ரயிலின் சமையல்காரர். 1931-லேயே பிஸ்குவிக் விற்பனைக்கு வந்துவிட்டது. அந்த ஐஸ் விஷயத்தை நினைவில் வையுங்கள். கீழே அதற்கு வேலை இருக்கிறது.

சரி, அளவு சொல்லுங்க. ஒரு கிலோ மைதாவுக்கு எது எவ்வளவு?

மைதா 1 கிலோ, பேக்கிங் பவுடர் 45 கிராம் (10 டீஸ்பூன்), தூள் உப்பு 12 கிராம் (2 டீஸ்பூன்), கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 100 கிராம், சர்க்கரை 50 கிராம் (4 டேபிள்ஸ்பூன்). சர்க்கரையைப் பொடித்துச் சேருங்கள். முழுப் பரல்கள் நாளடைவில் டப்பாவின் அடிக்குப் போய்விடும். மொத்தம் ஏறக்குறைய 1,200 கிராம் வரும்.

இந்தப் பக்கம் முழுக்க 'கலவை' என்றால் இந்த உலர் கலவைதான். இதில் எண்ணெயோ வெண்ணெயோ இல்லை, செய்யும்போதுதான் சேர்க்கிறோம். 125 கிராம் கலவையில், அதாவது தளர்வாக நிரப்பிய 1 கப்பில், சுமார் 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவான உப்பு, 80 மி.லி. பாலுக்கு ஈடான பால் பவுடர் இருக்கின்றன. இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள். பின்னால் வரும் கணக்கெல்லாம் இதிலிருந்துதான்.

என்கிட்ட தராசு இல்லை. கப்பிலேயே அளந்தா ஆகாதா?

ஆகும், அளக்கும் விதம் சரியாக இருந்தால். கப்பை மாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 140 முதல் 150 கிராம் வரை ஏறிவிடும். மாவை முதலில் கிளறி, கரண்டியால் அள்ளிக் கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் வழித்தால் 125 கிராம் வரும். 8 கப் அளக்கும்போது இந்த வித்தியாசம் 120 முதல் 200 கிராம் வரை போய்விடுகிறது. மாவு கூடிப்போய் பேக்கிங் பவுடர் அப்படியே இருந்தால் எல்லாமே கனமாகவும் வறட்சியாகவும்தான் வரும். "அதே அளவுதான் போட்டேன், போன தடவை நல்லா வந்துச்சு" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆனாலும் பணத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் ஒரே ஒரு பொருள் வாங்க முடியும் என்றால் சிறிய தராசையே சொல்வோம். வீணாகும் மாவை அது மிச்சப்படுத்தும்.

எல்லாத்தையும் பாத்திரத்துல கொட்டி ஒரு கலக்கு கலக்கினா போதாதா? எதுக்கு மூணு தடவை சலிக்கணும்?

பேக்கிங் பவுடர் சின்னச் சின்னக் கட்டிகளாகத் திரண்டிருக்கும். ஒரு மிளகளவு கட்டி உடையாமல் போய்விட்டால், வெந்த மஃபினில் அந்த இடம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரியும். கடித்தால் சோப்பு மாதிரி கசக்கும். மற்ற இடம் சரியாக எழும்பியிருக்காது.

முதலில் ஒரு கிண்ணத்தில் பேக்கிங் பவுடர், உப்பு, பால் பவுடர், பொடித்த சர்க்கரை நான்கையும் 1 கப் மைதாவோடு விரல்களால் கட்டி உடைத்துக் கலந்துகொள்ளுங்கள். அதை மீதி மைதாவோடு சேர்த்துச் சலியுங்கள். சல்லடையில் தங்கும் கட்டிகளைத் தூர எறியாமல் நசுக்கித் தேய்த்து இறக்குங்கள். சலித்ததைக் கிளறிவிட்டு மறுபடி சலியுங்கள், மூன்றாம் முறையும். கை, பாத்திரம், சல்லடை மூன்றிலும் ஈரம் இருக்கவே கூடாது.

நிறைய குறிப்புல வெண்ணெயோ டால்டாவோ சேர்த்தே வைக்கச் சொல்றாங்களே, நீங்க ஏன் வேண்டாங்கறீங்க?

வேண்டாம் என்பதில்லை. சேர்த்து வைத்தால் காலையில் தண்ணீர் ஊற்றினாலே போதும், வேலை குறையும். ஆனால் சிக்கனம்தான் நோக்கம் என்றால் உலர் கலவைக்கே எங்கள் ஓட்டு. கொழுப்பு சேர்ந்த கலவை சீக்கிரம் காறிப்போகும். ஃப்ரிட்ஜில் இடம் கேட்கும். கெட்டால் மாவோடு சேர்த்து எல்லாம் குப்பைக்குப் போகும். உலர் கலவைக்கு அன்று வீட்டில் எந்த எண்ணெய் இருக்கிறதோ அதையே ஊற்றிக்கொள்ளலாம்.

சேர்த்தே வைக்க விரும்பினால் 1,200 கிராம் கலவைக்கு 200 கிராம் கொழுப்பு. டால்டா மாதிரி கெட்டியான, தண்ணீரே இல்லாத கொழுப்பு என்றால் குளிர்ச்சியான அலமாரியில் 2 முதல் 3 மாதம் தாங்கும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. அந்த ஈரம் பேக்கிங் பவுடரை டப்பாவுக்குள்ளேயே வேலை செய்ய வைத்துவிடும், ஆகவே ஃப்ரிட்ஜ் கட்டாயம். ரயில் சமையல்காரர் ஐஸை நம்பியதும் கொழுப்பு கெடாமல் இருக்கத்தான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும் என்பதால் வெயில் காலத்தில் அடியில் வழிந்து தேங்கும்.

கொழுப்பைக் குளிர்ச்சியாக எடுத்து, சிறு துண்டுகளாக்கி, விரல்நுனியால் மாவில் பிசிறிவிடுங்கள். உள்ளங்கை வேண்டாம், சூட்டில் உருகும். கரடுமுரடான ரவை மாதிரி ஆனதும் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் இன்னும் பிசிற வேண்டும். களிமண் மாதிரி ஒட்டினால் கொழுப்பு உருகிவிட்டது. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துக் கிளறுங்கள். இந்தக் கலவையைப் பயன்படுத்தும்போது, கீழே 125 கிராம் என்று வருமிடத்தில் 145 கிராம் எடுத்து, குறிப்பிலுள்ள கொழுப்பில் 20 கிராம் குறையுங்கள் (குறிப்பில் அதைவிடக் குறைவாக இருந்தால் கொழுப்பே சேர்க்க வேண்டாம்).

இதுல நிஜமாவே காசு மிச்சமாகுமா?

உங்கள் ஊர் விலையில் நீங்களே பார்த்துவிடலாம். ஒவ்வொரு பொருளுக்கும் நீங்கள் போட்ட அளவுக்கான விலையைக் கூட்டி 12-ஆல் வகுத்தால் 100 கிராம் கலவையின் விலை வரும். கடைப் பாக்கெட்டின் 100 கிராம் விலையோடு ஒப்பிடுங்கள். பாக்கெட்டில் பெரும்பாலும் கொழுப்பும் சேர்ந்திருக்கும். ஆகவே உங்கள் 100 கிராமோடு 16 கிராம் எண்ணெயின் விலையையும் சேர்த்தால்தான் நியாயமான ஒப்பீடு.

வாங்கும் விதத்திலும் மிச்சம் பிடிக்கலாம். மைதா, சர்க்கரை பெரிய பையாக வாங்கலாம். பேக்கிங் பவுடரை மட்டும் பெரிய டின்னாக வாங்காதீர்கள். திறந்த நாளிலிருந்து வீரியம் இறங்கிக்கொண்டே போகும், பாதி டின் செத்துப்போன பிறகு அது மலிவே இல்லை. மாதத்தில் இரண்டு மூன்று தடவைதான் செய்வீர்கள் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கி அரை கிலோ மைதாவுக்குச் செய்யுங்கள்.

பால் பவுடர் விலை கட்டுப்படியாகலை. விட்டுடலாமா?

தாராளமாக விடலாம். பல வீடுகளில் இந்தக் கலவையிலேயே விலை கூடிய பொருள் அதுதான். விட்டுவிட்டால் செய்யும்போது தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றுங்கள். பாலும் இல்லையென்றால் தண்ணீரே போதும். மேற்புறம் அவ்வளவு சிவக்காது, மென்மை கொஞ்சம் குறையும், மற்றபடி எழும்புவதில் குறை வராது. பால் பவுடரில் உள்ள சர்க்கரையும் புரதமும்தான் அந்தப் பொன்னிறத்தைத் தருகின்றன. பால் பவுடர் இல்லாத கலவை மொத்தம் 1,100 கிராம்தான் வரும் என்பதால், 125 கிராம் என்ற இடத்தில் 115 கிராம் எடுங்கள்.

வாங்குவதாக இருந்தால் கொழுப்பு நீக்கியதையே வாங்குங்கள். கொழுப்புள்ள பால் பவுடர் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

பேக்கிங் பவுடருக்குப் பதிலா பேக்கிங் சோடா போட்டா மலிவாச்சே?

சோடா தனியாக வேலை செய்யாது. அதற்குப் புளிப்பு வேண்டும். சோடாவும் புளிப்பும் சேர்ந்தால்தான் கரியமில வாயு முழுதாக வெளிவரும். அந்த வாயுதான் மாவை எழுப்புகிறது. புளிப்பே இல்லாத மாவில் சோடாவைப் போட்டால் பாதி வேலை செய்யாமல் தங்கி, மாவு மஞ்சளாகி, வாயில் சோப்பு மாதிரி கசப்பு நிற்கும்.

பேக்கிங் பவுடர் என்பது சோடா, உலர்ந்த அமிலம், சோள மாவு (கார்ன்ஃப்ளார்) மூன்றும் சேர்ந்தது. சோள மாவு ஈரத்தை உறிஞ்சி மற்ற இரண்டையும் டின்னுக்குள் சண்டை போடாமல் வைத்திருக்கிறது. 1843-ல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக இதை உருவாக்கினார். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை இரட்டை வீரியம் கொண்டவை: நனைந்ததும் ஒரு தடவை, சூடு பட்டதும் இன்னொரு தடவை வாயு விடும். டப்பாவில் வைக்கும் கலவைக்கு இந்த வகைதான் ஏற்றது.

அப்ப பேக்கிங் பவுடரையே வீட்ல செஞ்சுக்கலாமா?

சோடா 1 பங்கு, க்ரீம் ஆஃப் டார்டார் (உலர்ந்த அமிலப் பொடி) 2 பங்கு, சோள மாவு 1 பங்கு கலந்தால் பேக்கிங் பவுடர் ஆகும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் இது நனைந்தவுடனேயே பெரும்பாலான வாயுவையும் விட்டுவிடும். மாவு கரைத்த கையோடு ஓவனுக்குள் போக வேண்டும். கொஞ்சம் ஈரக்காற்று பட்டாலே பலம் இழந்துவிடும் என்பதால் மாதக்கணக்கில் வைக்கும் கலவையில் இதைச் சேர்க்காதீர்கள். பல இடங்களில் க்ரீம் ஆஃப் டார்டாரின் விலையே பேக்கிங் பவுடரைவிட அதிகம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலவை ரெடி. முதல்ல என்ன செஞ்சு பார்க்கறது?

பேன்கேக். தப்பு நடந்தாலும் ஒரு கரண்டி மாவோடு போகும். 125 கிராம் கலவை, 1 முட்டை, 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 140 மி.லி. தண்ணீர். தண்ணீர், முட்டை, எண்ணெயை முதலில் அடித்து, கலவையில் ஊற்றி, 12 முதல் 15 சுற்று மட்டும் கிளறுங்கள். சிறு கட்டிகள் இருக்கட்டும். 5 நிமிடம் விட்டு, மிதமான சூட்டில் கால் கப் அளவாக ஊற்றுங்கள். மேலே தோன்றும் குமிழ்கள் வெடித்து ஓட்டையாகவே நின்றால்தான் திருப்ப வேண்டிய நேரம். வெடித்த ஓட்டை மூடிக்கொண்டால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். 5 அல்லது 6 வரும்.

ஸ்கோனுக்கு 250 கிராம் கலவையில் 45 கிராம் குளிர்ந்த வெண்ணெயைப் பிசிறி, 120 முதல் 130 மி.லி. குளிர்ந்த தண்ணீர் விட்டுச் சேர்த்துப் பிடியுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசையக் கூடாது. 2 செ.மீ. கனத்துக்குத் தட்டி வெட்டி, 220 டிகிரி செல்சியஸில் 12 நிமிடம். வெட்டும்போது வட்ட அச்சை நேராக அழுத்தி எடுங்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும்.

மஃபினுக்கு 250 கிராம் கலவை, 60 கிராம் சர்க்கரை, 1 முட்டை, 60 மி.லி. எண்ணெய், 170 மி.லி. தண்ணீர், 200 டிகிரியில் 16 முதல் 18 நிமிடம், 9 அல்லது 10 வரும். சாதாரண கேக்குக்கு 250 கிராம் கலவை, 120 கிராம் சர்க்கரை, 2 முட்டை, 80 கிராம் வெண்ணெய் அல்லது எண்ணெய், 120 மி.லி. தண்ணீர், 20 செ.மீ. தட்டில் 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம்.

எங்க வீட்ல ஓவன் இல்லையே?

பேன்கேக்குக்கு ஓவனே தேவையில்லை. ஸ்கோனையும் அடிகனமான வாணலியில் செய்யலாம். மாவை ஒன்றரை செ.மீ. கனத்துக்கு மேல் போகாமல் தட்டி, எண்ணெய் தடவாத வாணலியில் வைத்து, மூடி, அடுப்பை மிகச் சிறிதாக வைத்து ஒரு பக்கத்துக்கு 7 அல்லது 8 நிமிடம் விடுங்கள். மூடியின் உட்புறம் சேரும் நீரைத் திருப்பும்போது துடைத்துவிடுங்கள். சொட்டினால் மேற்புறம் பிசுபிசுக்கும். அடி சிவந்து உள்ளே மாவாக இருந்தால் சூடு அதிகம், நேரம் குறைவு.

முட்டை சேர்க்க மாட்டோம். என்ன மாத்து?

1 முட்டைக்கு 1 டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டுச் சேருங்கள். அல்லது கால் கப் தயிர். பேன்கேக், மஃபினில் இரண்டும் நன்றாக வரும். 2 முட்டை போகும் கேக்கில் மாற்று வைத்தால் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் வரும். அதை முன்பே தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஸ்கோனில் முட்டையே கிடையாது.

மைதா வேண்டாம், முழுக் கோதுமை மாவுல செய்யலாமா?

பாதிக்குப் பாதி வரை மாற்றினால் ருசி கூடும், மென்மையும் போகாது. முழுவதும் மாற்றினால் கனமாக வரும், ஏனென்றால் மாவைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் என்ற புரத வலையைத் தவிடு அறுத்துவிடும். தவிடு தண்ணீரும் அதிகம் குடிக்கும். 125 கிராம் கலவைக்கு 1 முதல் 2 டேபிள்ஸ்பூன் கூடுதலாக ஊற்றி, கரைத்த மாவை 10 நிமிடம் ஊறவிடுங்கள்.

முழுக் கோதுமையில் முளைப்பகுதியின் எண்ணெய் இருப்பதால் அந்தக் கலவையை ஃப்ரிட்ஜில் வைத்து 2 மாதத்துக்குள் முடியுங்கள். செல்ஃப் ரைசிங் மாவு வாங்கியிருந்தால் அதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே இருக்கிறது, பெரும்பாலும் உப்பும் இருக்கும். லேபிளைப் பார்த்து அவற்றை விட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் கெடாம இருக்கும்? வண்டு வராம இருக்க என்ன செய்யணும்?

காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்கும் ஜன்னலுக்கும் தள்ளி வைத்தால் உலர் கலவை 6 மாதம் வரை நன்றாக இருக்கும். ஈரப்பதம் மிகுந்த இடமென்றால் 3 மாதத்துக்குள் தீரும் அளவே செய்யுங்கள். செய்த தேதியை எழுதுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். கொதிக்கும் பாத்திரத்துக்கு மேல் டப்பாவைச் சாய்த்துக் கொட்டாதீர்கள், ஆவி உள்ளே போகும்.

வண்டு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. மாவோடு முட்டையாகவே வந்துவிடுகிறது. கலப்பதற்கு முன் மைதாவை மூடிய பையில் ஃப்ரீசரில் 4 நாள் வையுங்கள். பிறகு பையைத் திறக்காமலே வெளியில் வைத்து, மாவு முழுக்க அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். குளிர்ந்த மாவைத் திறந்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படியும், அந்த ஈரமே பேக்கிங் பவுடருக்கு எமன். ஃப்ரிட்ஜில் வைக்கும் எந்தக் கலவைக்கும் இதே விதி.

டப்பா நாலு மாசமா கிடக்கு. இன்னும் பொங்குமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

2 டேபிள்ஸ்பூன் கலவையைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, கால் கப் நல்ல சூடான தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் சிறு குமிழ்கள் திரண்டு மேலே நுரை கட்டினால் உயிர் இருக்கிறது. கரைந்து வெறும் பால் மாதிரி நின்றால் போய்விட்டது. பேக்கிங் பவுடரைச் சோதிக்க 1 டீஸ்பூனை அரை கப் சூடான தண்ணீரில் போடுங்கள். அது சீறிப் பொங்க வேண்டும். கலவை செய்யும் நாளிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் 1 கிலோ மைதா தப்பிக்கும்.

உயிர் போன கலவையைத் தூக்கிப் போடத் தேவையில்லை. 125 கிராமுக்கு 1 டீஸ்பூன் புது பேக்கிங் பவுடரைச் சலித்துச் சேர்த்து உடனே பயன்படுத்துங்கள். ஆனால் பழைய பெயின்ட் மாதிரியோ மெழுகு க்ரேயான் மாதிரியோ வாடை வந்தால் கொழுப்பு காறிவிட்டது. அதற்கு மருந்து கிடையாது, கொட்டிவிடுங்கள்.

மஃபின் ரப்பர் மாதிரி வருது, உள்ள குகை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு. ஏன்?

அதிகம் கிளறிவிட்டீர்கள். கிளறக் கிளற மாவில் குளூட்டன் இறுகும். வெளியேற வழியில்லாத வாயு நீளக் குகைகளாக மேல்நோக்கிப் போகும். மேற்புறம் கூம்பாக நிற்பதும் அதே காரணத்தால்தான். பேன்கேக்குக்குச் சொன்ன 12 முதல் 15 சுற்று இங்கும் பொருந்தும். எலெக்ட்ரிக் பீட்டர் வேண்டவே வேண்டாம்.

கரைத்த மாவை 15 நிமிடத்துக்கு மேல் காக்க வைக்காதீர்கள். ராத்திரியே கரைத்து வைத்துக் காலையில் சுட இது ஈஸ்ட் மாவு அல்ல. முதல் தவணை வாயு விடிவதற்குள் போயிருக்கும்.

சூரியகாந்தி விதை போட்டு மஃபின் செஞ்சேன். ஆறினதும் உள்ள பச்சையாயிடுச்சு! பூசணமா?

பூசணம் இல்லை, பயப்படாமல் சாப்பிடலாம். சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் இருக்கிறது. அது காரத்தன்மையுள்ள மாவில் புரதத்தோடு சேரும்போது பச்சை நிறமாகும். கலவையில் பேக்கிங் பவுடர் சரியான அளவில் இருந்தாலே லேசாக வரலாம். சோடா கூடுதலாகப் போட்டிருந்தால் அடுத்த நாள் பளிச்சென்று தெரியும். மாவில் 1 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் பெருமளவு குறையும்.

தண்ணிக்குப் பதிலா மோர் ஊத்தலாமா?

ஊற்றலாம், நல்ல மென்மை கிடைக்கும். 250 கிராம் கலவைக்கு 1 கப் மோர் போகுமென்றால் கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா சேருங்கள். மோரின் புளிப்பு பேக்கிங் பவுடரின் சமநிலையைக் கலைத்துவிடாமல் அந்தச் சோடா பார்த்துக்கொள்ளும். நீர்மோராக இருந்தால் புளிப்பு குறைவு, சோடாவே வேண்டாம்.

வேற குறிப்புல "மைதா 250 கிராம்"னு இருக்கு. அங்க நம்ம கலவையை எப்படிப் போடறது?

இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் எந்தக் குறிப்பும் உங்கள் வசமாகும். 250 கிராம் மைதாவுக்கு 300 கிராம் கலவை. அதற்குள் பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், 200 மி.லி. பாலுக்கான பவுடர் எல்லாம் வந்துவிடுகின்றன. குறிப்பில் உள்ள பேக்கிங் பவுடரையும் உப்பையும் அடித்துவிடுங்கள்; சர்க்கரையில் 1 டேபிள்ஸ்பூன் குறையுங்கள்; பாலுக்குப் பதில் தண்ணீர். முட்டை, வெண்ணெய் அப்படியே.

குறிப்பில் 250 கிராம் மைதாவுக்கு 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர்தான் என்றால் நம் கலவை அதற்குப் பொருந்தாது. ஈஸ்ட் ரொட்டி, நுரைத்த முட்டையிலேயே எழும்பும் ஸ்பாஞ்ச் கேக் இரண்டுக்கும் வெறும் மைதாவே போதும்.

குக்கீஸ் செஞ்சா பிஸ்கட் மாதிரி வராம பஞ்சு மாதிரி உப்பிடுது.

மேலே சொன்ன அதே காரணம்தான். குக்கீஸுக்கு இவ்வளவு பேக்கிங் பவுடர் தேவையில்லை. கலவை ஒரு பங்கு, வெறும் மைதா இரண்டு பங்கு என்று சேருங்கள். உப்பு ஒரு சிட்டிகை கூட்டுங்கள்.

நாங்க மலைப்பகுதியில இருக்கோம். எல்லாம் பொங்கி நடுவுல குழிஞ்சிடுது.

உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு. அதே அளவு வாயு அங்கே அதிகமாக விரிந்து, மாவு வெந்து நிற்பதற்குள் சுவர் உடைந்து அமிழ்ந்துவிடும். சுமார் 1,000 மீட்டருக்கு மேல் இது தெரிய ஆரம்பிக்கும். கலந்த பேக்கிங் பவுடரைப் பிரித்தெடுக்க முடியாது, ஆனால் நீர்க்கச் செய்யலாம்: 100 கிராம் கலவைக்கு 25 கிராம் வெறும் மைதா சேர்த்தால் பேக்கிங் பவுடரின் செறிவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தண்ணீரை 1 டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள், அங்கே ஈரம் வேகமாக ஆவியாகும். அடுத்த முறை கலக்கும்போதே 45 கிராமுக்குப் பதில் 35 கிராம் போடுங்கள்.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார். உப்பை மட்டும் விட்டா சரியா?

சரிபாதிதான் சரி. பேக்கிங் பவுடரிலும் சோடியம் இருக்கிறது. இந்த அளவில் 45 கிராம் பேக்கிங் பவுடரிலிருந்து வரும் சோடியம், 12 கிராம் உப்பிலிருந்து வருவதற்கு ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொள்ளலாம். பிராண்டைப் பொறுத்து மாறும். ஆகவே உப்பை முழுக்க விட்டாலும் பாதி அங்கேயே நிற்கும். சோடியம் குறைந்த பேக்கிங் பவுடரும் விற்கிறது. அதில் பொட்டாசியம் இருப்பது வழக்கம் என்பதால், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கரைச்ச மாவைக் கொஞ்சம் நக்கிப் பார்த்து இனிப்பு சரிபார்க்கலாமா?

வேண்டாம். முட்டையே இல்லாவிட்டாலும் வேண்டாம். பச்சை மாவில் ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. வேகாத மாவைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். ஒரு சின்ன பேன்கேக்காகச் சுட்டுப் பார்த்தே இனிப்பைச் சரிசெய்யலாம்.

டப்பாவுல ஒரு கை அளவு மிச்சமிருக்கு. அதுக்கு மேலயே புதுசைக் கொட்டிடலாமா?

கூடாது. பழையது எப்போதும் அடியிலேயே தங்கி, ஒவ்வொரு தடவையும் இன்னும் பழசாகும். வண்டு முட்டை இருந்தால் புதியதற்கும் தொற்றும். மிச்சத்தைத் தனியாக எடுத்து, டப்பாவைக் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகே புதியதை நிரப்புங்கள்.

அந்த மிச்சம் 60 கிராம் இருந்தாலும் போதும்: 80 மி.லி. தண்ணீர், 2 டீஸ்பூன் எண்ணெய், முட்டை இல்லாமலே 3 சிறிய பேன்கேக் வரும். அதற்கும் குறைவென்றால் மஃபினில் போடும் பழத் துண்டுகளை அதில் புரட்டிப் போடுங்கள், பழம் அடிக்குப் போவது குறையும். சாஸைக் கெட்டியாக்க மட்டும் பயன்படுத்தாதீர்கள்; நுரைத்து மேலே வந்து, உப்பும் கூடிவிடும்.